ராகுல் விட்ட வயநாடு... பிரியங்கா எம்.பி. ஆனது எப்படி? ஒரு ராஜினாமாவுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கா?

கையில் அரசியல் சாசனப் புத்தகம், உடுத்தியிருந்தது கேரளத்து கசவு புடவை. நவம்பர் 28-ம் தேதி மக்களவையில் பிரியங்கா காந்தி எம்.பி.யாகப் பதவியேற்ற வீடியோவை உங்களில் பலர் பார்த்திருப்பீங்க. அண்ணன் விட்ட தொகுதி, தங்கை வென்ற தொகுதி. செய்தி அவ்வளவுதான்னு தோணும்.

ஆனா, இதுக்குள்ளே நிறைய கேள்வி இருக்கு. ராகுல் காந்தி ஏன் ராஜினாமா செய்தார்? அவர் விரும்பித்தான் செய்தாரா, சட்டம் செய்ய வைத்ததா? ஜூனில் காலியான தொகுதிக்கு நவம்பர் வரை ஏன் தேர்தல் நடக்கவில்லை? நடுவில் நிலச்சரிவு வந்தப்போ வயநாட்டுக்கு எம்.பி. யார்? இந்தத் தேர்தல் செலவு யார் தலையில்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ராகுல் ராஜினாமா செய்யாமல் இருந்திருந்தால்?

2024 மக்களவைத் தேர்தலில் ராகுல் இரண்டு தொகுதிகளில் நின்றார். கேரளாவின் வயநாட்டில் 3,64,422 வாக்குகள் வித்தியாசத்தில் வெற்றி. உத்தரப் பிரதேசத்தின் ரேபரேலியில் 3,90,030 வாக்குகள் வித்தியாசத்தில் வெற்றி. இரண்டிலும் ஜெயித்தாச்சு. ஆனா ஒருவர் ஒரு இருக்கையில்தானே உட்கார முடியும்?

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ன் 70-வது பிரிவு இதைப் பற்றித்தான் பேசுகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளில் வென்றவர், ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ராஜினாமா செய்ய வேண்டும். அதற்குக் கெடு 14 நாட்கள். இந்த நாள் கணக்கு தேர்தல் நடத்தை விதிகள் 1961-ல் இருக்கிறது.

14 நாட்களுக்குள் முடிவெடுக்காவிட்டால் என்ன ஆகும்? ஏதோ ஒரு தொகுதி தானாகவே போயிடும்னு நினைப்போம். அதுதான் இல்லை. வென்ற எல்லா தொகுதிகளுமே காலியாகிவிடும்! இரண்டு கோழியையும் பிடிக்கப் போய் இரண்டையும் விட்ட கதைதான்.

ஜூன் 4-ம் தேதி முடிவு வந்தது. ஜூன் 18-ம் தேதியோடு கெடு முடிகிறது. அதற்கு முந்தைய நாள், ஜூன் 17-ம் தேதி மாலை டெல்லியில் காங்கிரஸ் தலைவர் மல்லிகார்ஜுன கார்கே வீட்டில் கூடிப் பேசினார்கள். ரேபரேலியை ராகுல் வைத்துக்கொள்கிறார், வயநாட்டில் பிரியங்கா நிற்கிறார் என்று அறிவிப்பு வந்தது. வயநாட்டுக்கு இனி இரண்டு எம்.பி.க்கள் என்று அப்போது ராகுல் சொன்னார்.

ஆக, அந்த ராஜினாமா ஒரு கோபத்திலோ கொள்கைக்காகவோ செய்தது இல்லை. சட்டம் கேட்ட ராஜினாமா. எந்தத் தொகுதியை விடுவது என்பது மட்டும்தான் அவருடைய தேர்வு.

வயநாடு வாக்காளர்களுக்கு இது முன்பே தெரியுமா?

இந்தக் கதையில் எனக்கு ரொம்ப உறுத்துகிற இடம் இதுதான். தேதிகளை மட்டும் பாருங்க.

கேரளாவில் வாக்குப்பதிவு நடந்தது ஏப்ரல் 26. ரேபரேலியில் ராகுல் வேட்புமனு தாக்கல் செய்தது மே 3, அதுவும் மனு தாக்கலுக்குக் கடைசி நாள். அதாவது, வயநாட்டு மக்கள் மையை விரலில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் ஒரு வாரம் கழித்துத்தான், தாங்கள் ஓட்டுப் போட்டவர் இன்னொரு தொகுதியிலும் நிற்கிறார் என்பது உறுதியானது.

இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. பல கட்டமாகத் தேர்தல் நடக்கும்போது, ஒரு தொகுதியில் ஓட்டுப் பதிவு முடிந்த பிறகும் இன்னொரு தொகுதியில் மனு தாக்கல் செய்ய முடியும். ஆனா, சட்டப்படி சரி என்பதும் வாக்காளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்வதும் ஒன்றல்ல. இடதுசாரிகள் அப்போதே இதை விமர்சித்தார்கள். காங்கிரஸ் தரப்பில், குடும்பத்திலிருந்தே இன்னொருவரை அனுப்பி அந்த விமர்சனத்தை எதிர்கொண்டார்கள். வாக்காளர்கள் இந்தப் பதிலை ஏற்றுக்கொண்டார்களா என்பதை முடிவுகளில் பார்க்கலாம், கொஞ்சம் கீழே வருது.

இரண்டு தொகுதிப் பழக்கம் ராகுலோடு ஆரம்பித்ததா?

இல்லவே இல்லை. எல்லா கட்சியிலும் உண்டு. 1957-ல் வாஜ்பாய் மூன்று தொகுதிகளில் நின்றார். பல்ராம்பூரில் வென்றார், லக்னோவில் தோற்றார், மதுராவில் டெபாசிட்டே போனது. 1980-ல் இந்திரா காந்தி ரேபரேலி, மேடக் இரண்டிலும் வென்று, ரேபரேலியை விட்டார். பாட்டி விட்ட தொகுதியைப் பேரன் வைத்துக்கொண்டார்! 1985-ல் என்.டி.ராமாராவ் ஆந்திர சட்டமன்றத் தேர்தலில் மூன்று தொகுதிகளில் நின்று மூன்றிலும் ஜெயித்தார். 1999-ல் சோனியா காந்தி அமேதியை வைத்துக்கொண்டு பெல்லாரியை விட்டார். 2014-ல் நரேந்திர மோடி வாரணாசியை வைத்துக்கொண்டு, 5,70,128 வாக்கு வித்தியாசத்தில் வென்ற வதோதராவை விட்டார். அங்கே இடைத்தேர்தலில் பாஜகவே ஜெயித்தது. ஆனா வித்தியாசம் 3,29,507 ஆகக் குறைந்தது.

நம்ம ஊர்லயும் உண்டு. 1991-ல் ஜெயலலிதா பர்கூர், காங்கேயம் இரண்டிலும் வென்று பர்கூரை வைத்துக்கொண்டார். 2001-ல் அவர் நான்கு தொகுதிகளுக்கு மனு போட்டு, நான்குமே தள்ளுபடியானது பலருக்கு நினைவிருக்கும்.

ஒரு காலத்தில் எத்தனை தொகுதியில் வேண்டுமானாலும் நிற்கலாம் என்று இருந்தது. 1996-ல் சட்டத்தைத் திருத்தி, அதிகபட்சம் இரண்டு என்று ஆக்கினார்கள்.

'ஒருவருக்கு ஒரு தொகுதி' என்று ஆக்கினால் என்ன?

தேர்தல் ஆணையமே 2004-ல் இதைக் கேட்டது. அப்படி முடியாது என்றால், இரண்டில் வென்று ஒன்றை விடுகிறவர் இடைத்தேர்தல் செலவுக்காகப் பணம் கட்டட்டும் என்றது. மக்களவைக்கு 10 லட்சம், சட்டமன்றத்துக்கு 5 லட்சம் ரூபாய். 2015-ல் சட்ட ஆணையமும் தன்னுடைய 255-வது அறிக்கையில் ஒரு தொகுதி போதும் என்றே பரிந்துரைத்தது. உச்ச நீதிமன்றத்துக்கும் வழக்குப் போனது. 2023 பிப்ரவரியில், இது நாடாளுமன்றம் முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்று சொல்லி மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டது.

நாடாளுமன்றத்தில் முடிவு செய்ய வேண்டியவர்கள் யார்? நாளைக்கு இரண்டு தொகுதியில் நிற்கும் வாய்ப்பை விட விரும்பாத அதே கட்சிகள்தான். அதனால் 20 வருஷமாக அந்தப் பரிந்துரை அப்படியே கிடக்கிறது.

செலவு யாருடையது என்று கேட்டால்: மக்களவைத் தேர்தலை மட்டும் தனியாக நடத்தினால் செலவு மத்திய அரசுடையது. சட்டமன்றத் தேர்தல் என்றால் மாநில அரசு. இரண்டும் ஒன்றாக நடந்தால் பங்கு போட்டுக்கொள்வார்கள். ராஜினாமா செய்தவரோ, அவருடைய கட்சியோ இதில் ஒரு ரூபாய் கூட கொடுக்க வேண்டியதில்லை. அந்த மத்திய அரசுப் பணம் நம்ம வரிப்பணம்தான்னு தனியா சொல்லணுமா என்ன?

ஜூனில் காலி, நவம்பரில் தேர்தல். ஏன் இவ்வளவு தாமதம்?

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151-ஏ பிரிவின்படி, ஓர் இடம் காலியான நாளில் இருந்து 6 மாதங்களுக்குள் இடைத்தேர்தல் நடத்தணும். வயநாட்டுக்கு டிசம்பர் நடுப்பகுதி வரை அவகாசம் இருந்தது. அக்டோபர் 15-ம் தேதி மகாராஷ்டிரா, ஜார்க்கண்ட் தேர்தல் தேதிகளை அறிவித்தபோது, அதோடு சேர்த்து இதையும் அறிவித்தார்கள். நவம்பர் 13 வாக்குப்பதிவு, 23 எண்ணிக்கை.

சட்டப்படி தாமதமே இல்லை. ஆனா அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்று பாருங்க.

ஜூலை 30 அதிகாலை. மேப்பாடி பஞ்சாயத்தில் முண்டக்கை, சூரல்மலை. மலை சரிந்து, 200-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. தேயிலைத் தோட்ட லயன் வீடுகளில் இருந்த தமிழ்க் குடும்பங்களும் அதில் சிக்கின. அன்றைக்கு வயநாடு மக்களவைத் தொகுதிக்கு எம்.பி. கிடையாது. தொகுதி காலியாகி 42-வது நாள் அது.

நாடாளுமன்றத்தில் அப்போது பட்ஜெட் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தது. வயநாட்டைப் பற்றி யாரும் பேசவில்லை என்று சொல்ல முடியாது. ராகுல் எதிர்க்கட்சித் தலைவராகப் பேசினார், பிரியங்காவோடு நேரில் போய் பார்த்தார். கேரளாவின் மற்ற எம்.பி.க்களும் குரல் கொடுத்தார்கள். பிரதமர் மோடி ஆகஸ்ட் 10-ம் தேதி வந்தார். ஆனாலும் "இது என் தொகுதி" என்று எழுந்து நிற்க வேண்டிய அந்த ஒரு இருக்கை காலியாக இருந்தது. எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதி என்று வருஷத்துக்கு 5 கோடி ரூபாய் உண்டு; அதிலிருந்து இந்தப் பணியைச் செய்யுங்கள் என்று பரிந்துரைக்கவும் தொகுதிக்கென்று ஆள் இல்லை. 18-வது மக்களவையின் முதல் இரண்டு கூட்டத்தொடர்களும் வயநாடு எம்.பி. இல்லாமலே முடிந்தன. தொகுதி காலியான நாளில் இருந்து முடிவு வந்த நாள் வரை எண்ணினால் 158 நாட்கள்.

நிலச்சரிவை யாரும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது, உண்மைதான். ஆனா 'ஒன்றை விட்டால் ஆறு மாதத்தில் இன்னொரு தேர்தல் வந்துடும்' என்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அந்த ஆறு மாதம் ஓர் ஊருக்கு எப்படிப்பட்டதாக இருக்கும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

வயநாட்டுக்கு இந்த 'எம்.பி. இல்லாத' நிலை புதிதும் அல்ல. 2023 மார்ச்சில் சூரத் நீதிமன்றத் தீர்ப்பால் ராகுல் பதவி இழந்தார். அப்போதே இடைத்தேர்தல் வருமா என்ற பேச்சு எழுந்தது. தேர்தல் ஆணையம் அவசரம் காட்டவில்லை. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் குற்றவாளி என்ற அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைக்க, பதவி திரும்பக் கிடைத்தது. ஆக, ஒன்றரை ஆண்டுகளுக்குள் இரண்டு முறை நாற்காலி காலி.

எப்போதும் இடைத்தேர்தல் கட்டாயமா?

கட்டாயம் இல்லை. இரண்டு விதிவிலக்கு உண்டு. ஒன்று, மீதிப் பதவிக்காலம் ஒரு வருஷத்துக்குக் குறைவாக இருந்தால். இரண்டு, ஆறு மாதத்துக்குள் நடத்துவது கடினம் என்று மத்திய அரசோடு கலந்து பேசி தேர்தல் ஆணையம் சான்று அளித்தால்.

முதல் விதிவிலக்குக்கு அருமையான உதாரணம் 2018. ஆந்திராவுக்குச் சிறப்பு அந்தஸ்து கேட்டு ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸின் 5 எம்.பி.க்கள் ஏப்ரலில் ராஜினாமா கடிதம் கொடுத்தார்கள். அது ஏற்கப்பட்டது ஜூன் 20. அந்த மக்களவையின் காலம் முடிவது 2019 ஜூன் 3. எண்ணிப் பாருங்க, ஒரு வருஷத்துக்குச் சில நாட்கள் குறைவு. அதனால் இடைத்தேர்தல் இல்லை.

அதே நேரம் கர்நாடகாவில் எடியூரப்பா, ஸ்ரீராமுலு, புட்டராஜு மூவரும் எம்.எல்.ஏ. ஆனதால் எம்.பி. பதவியை விட்டார்கள். அவர்கள் இடங்கள் காலியானது மே மாதம். ஒரு வருஷத்துக்குச் சில நாட்கள் கூடுதல். அதனால் சிவமோகா, பெல்லாரி, மண்டியாவில் நவம்பர் 3-ம் தேதி இடைத்தேர்தல் நடந்தது! அதில் ஜெயித்தவர்கள் சுமார் ஆறு மாதம்தான் எம்.பி.யாக இருந்தார்கள். ராஜினாமா ஏற்கப்படும் தேதி எவ்வளவு முக்கியம் என்று இப்போது புரியுதா?

ராஜினாமா கடிதத்தைச் சபாநாயகர் உடனே ஏற்றுத்தான் ஆகணும் என்றும் இல்லை. அரசியல் சாசனத்தின் 101-வது பிரிவில் 1974-ல் ஒரு திருத்தம் வந்தது. அந்தக் கடிதம் தானாக விரும்பிக் கொடுத்ததா, உண்மையானதா என்று சபாநாயகர் திருப்தி அடைய வேண்டும். மிரட்டி எழுதி வாங்குவதைத் தடுக்கத்தான் இது. கடிதத்துக்கும் ஒரு வாசகம் இருக்கிறது, ஒரே ஒரு வரி. அதில் காரணம், கவிதை, கண்ணீர் எல்லாம் சேர்த்து எழுதினால், அவையில் அந்தப் பகுதியைப் படிக்காமல் விடும் அதிகாரம் சபாநாயகருக்கு உண்டு.

(இங்கிலாந்தில் இன்னும் வேடிக்கை. அங்கே எம்.பி.க்கள் நேரடியாக ராஜினாமா செய்யவே முடியாது. 1624-ல் போட்ட தீர்மானம். பதவியை விட வேண்டுமென்றால் 'சில்டர்ன் ஹண்ட்ரட்ஸ்' காரியஸ்தர் என்று அரசர் தரும் பெயரளவு வேலையைக் கேட்டு வாங்குவார்கள். அரசு வேலையில் இருப்பவர் எம்.பி.யாக இருக்க முடியாது என்ற விதியால் பதவி தானாகப் போகும்!)

டெல்லிக்காரர் வயநாட்டில் எப்படி நிற்க முடிகிறது?

மக்களவைக்கு நிற்க, இந்தியாவில் ஏதாவது ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். சட்டமன்றம் என்றால்தான் அதே மாநிலத்தின் வாக்காளராக இருக்கணும். டெபாசிட் 25 ஆயிரம் ரூபாய், பட்டியலினத்தவர், பழங்குடியினர் என்றால் அதில் பாதி. அவ்வளவுதான்.

சரி, மக்கள் என்ன சொன்னார்கள்?

பிரியங்கா பெற்ற வாக்குகள் 6,22,338. இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் சத்யன் மொகேரிக்கு 2,11,407. பாஜகவின் நவ்யா ஹரிதாஸுக்கு 1,09,939. வித்தியாசம் 4,10,931.

'ராகுலை மிஞ்சிய பிரியங்கா' என்று தலைப்புகள் பறந்தன. பாதி உண்மை. ஏப்ரலில் ராகுலின் வித்தியாசமான 3,64,422-ஐ அவர் தாண்டினார். 2019-ல் ராகுல் பெற்ற 4,31,770-ஐத் தாண்டவில்லை.

அதுமட்டுமில்லை. ஏப்ரலில் ராகுல் வாங்கியது 6,47,445 வாக்கு. பிரியங்கா வாங்கியது அதைவிட 25,107 குறைவு. வாக்கு குறைந்தும் வித்தியாசம் எப்படி கூடியது? எதிரணியில் அதைவிட அதிகமாகக் குறைந்ததால்தான். ஏப்ரலில் ஆனி ராஜா வாங்கிய 2,83,023-ல் இருந்து இடதுசாரி வாக்கு 71,616 சரிந்தது. பாஜகவுக்கு கே.சுரேந்திரன் வாங்கிய 1,41,045-ல் இருந்து 31,106 போனது. ஏப்ரலைப் போலவே இப்போதும் பாஜக டெபாசிட்டை இழந்தது.

மூன்று அணிகளின் வாக்கையும் கூட்டினால் ஏப்ரலைவிட சுமார் 1.28 லட்சம் குறைவு. வாக்குப்பதிவு 73 சதவீத அளவில் இருந்து 65 சதவீத அளவுக்கு இறங்கியது. 'முடிவு தெரிந்த தேர்தல்தானே' என்ற எண்ணம், ஏழு மாதத்துக்குள் இரண்டாவது முறை வரிசையில் நிற்கும் சலிப்பு, வெளியூரில் இருப்பவர்கள் திரும்ப ஒருமுறை வர முடியாத நிலை என்று பல காரணம் இருக்கலாம். வந்து ஓட்டுப் போட்டவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு பேர் பிரியங்காவுக்குப் போட்டிருக்கிறார்கள் என்பதும் மறுக்க முடியாதது. நிலச்சரிவில் வீடிழந்து, வெவ்வேறு ஊர்களில் வாடகை வீடுகளில் இருந்தவர்களும் வாக்களித்தார்கள். அவர்களை அழைத்து வர வாகன வசதி செய்யப்பட்டிருந்தது.

ஒரு ராஜினாமா, எத்தனை தேர்தல்?

வயநாட்டோடு கேரளாவில் பாலக்காடு, சேலக்கரை சட்டமன்றத் தொகுதிகளுக்கும் இடைத்தேர்தல் நடந்ததே, அதுவும் இதே கதைதான். பாலக்காடு எம்.எல்.ஏ. ஷாபி பரம்பில் வடகரை எம்.பி. ஆனார். சேலக்கரை எம்.எல்.ஏ. கே.ராதாகிருஷ்ணன் ஆலத்தூர் எம்.பி. ஆனார். இங்கே 2019-ல் வசந்தகுமார் கன்னியாகுமரி எம்.பி. ஆனதும் நாங்குநேரி இடைத்தேர்தல் வந்தது நினைவிருக்கா? அதே கணக்கு. எம்.பி.யாக இருக்கிறவர் எம்.எல்.ஏ. ஆனால் 14 நாட்களுக்குள் எம்.எல்.ஏ. பதவியை விடணும், இல்லையென்றால் எம்.பி. பதவி தானாகப் போகும்.

சில ராஜினாமாக்கள் சொந்தக் கட்சிக்கே நஷ்டத்தில் முடியும். 2021-ல் அதிமுகவின் கே.பி.முனுசாமியும் வைத்திலிங்கமும் எம்.எல்.ஏ. ஆனதால் மாநிலங்களவை எம்.பி. பதவியை விட்டார்கள். வழக்கமாக ஆறு இடங்களுக்குச் சேர்த்துத் தேர்தல் நடந்தால் 34 எம்.எல்.ஏ. ஆதரவு இருந்தால் ஓர் இடம் கிடைத்துவிடும். ஆனா அந்த இரண்டு இடங்களின் பதவிக்காலமும் வேறு வேறு என்பதால் தனித்தனித் தேர்தல். தனித்தனியாக நடந்தால் பெரும்பான்மை, அதாவது 118 பேர் வேண்டும். ஆளும் திமுகவிடம்தான் அது இருந்தது. கனிமொழி சோமு, ராஜேஷ்குமார் இருவரும் போட்டியே இல்லாமல் எம்.பி. ஆனார்கள்.

வயநாட்டில் அடுத்து என்ன?

பிரியங்காவுக்கு முழு ஐந்து வருஷம் கிடையாது. மீதிக்காலம்தான், அதாவது 2029-ல் இந்த மக்களவை முடியும் வரை. தேர்தலில் நின்ற எல்லா வேட்பாளர்களும் முடிவு வந்த 30 நாட்களுக்குள் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்யணும்; ஒரு வேட்பாளர் செலவழிக்க உச்சவரம்பு 95 லட்சம் ரூபாய். வெற்றியை எதிர்த்து வழக்குப் போட நினைப்பவர்களுக்கு 45 நாட்கள் அவகாசம் இருந்தது. மனுவைக் கேரள உயர் நீதிமன்றத்தில்தான் தாக்கல் செய்யணும், அதற்குக் கடைசி நாள் 2025 ஜனவரி 7-ஆக இருந்தது.